அடையாளத் திருட்டு: கிளினிக், லேப், நர்சிங் ஹோம் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் 17 ஆண்டுகளாக மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எம்ஆர்டி என்று சொல்வார்களே, கேஸ் ஷீட்டுகள் கூரை வரை அடுக்கியிருக்கும் அந்த அறைதான். தெரிந்த டாக்டர்களும் லேப் வைத்திருப்பவர்களும் அவ்வப்போது போன் செய்து ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டில் சின்ன, நடுத்தர மருத்துவமனை நடத்துபவர்களை மனதில் வைத்து எழுதியது.

கே: அடையாளத் திருட்டு என்பது பேங்க் சமாச்சாரம்தானே? மருத்துவமனைக்கு என்ன வந்தது?

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். இங்கே உயிர் போகும், அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

நான் முன்பு இருந்த ஒரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். தங்கைக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. அவருக்குக் காப்பீடு இல்லை, அக்காவிடம் இருந்தது. அக்கா பெயரிலேயே தங்கையை அட்மிட் செய்துவிட்டார்கள், நாங்களும் கவனிக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அக்கா விபத்தில் அடிபட்டு அதே மருத்துவமனைக்கு வந்தார். பழைய பைலில் ரத்த வகை ஓ பாசிட்டிவ், கர்ப்பப்பை எடுத்தாயிற்று, ஒரு ஆன்டிபயாடிக் ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் இருக்கிறது. இப்போது எடுத்த ரத்தமோ பி பாசிட்டிவ் என்று வருகிறது. ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் எப்போதும் புதிதாகப் பரிசோதிப்பார்கள் என்பதால் பெரிய ஆபத்து தப்பியது. ஆனால் மாதிரி மாறிவிட்டதா, பைல் மாறிவிட்டதா, படுக்கையில் இருப்பதே வேறு ஆளா என்று தெரியாமல் எல்லோரும் தவித்த அந்த அரை மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

இது ஒரு வகை, வெளியாள் ஒருவர் அடுத்தவர் அடையாளத்தோடு நம்மிடம் வருவது. இரண்டாவது, நம்மிடம் இருக்கும் நோயாளியின் தகவல் வெளியே போய் அவர் பெயரில் சிம் கார்டு, கடன், போலி கிளைம் என்று முளைப்பது. மூன்றாவது, டாக்டரின் பெயரையும் பதிவு எண்ணையுமே திருடுவது.

கே: எங்களுடையது பத்துப் படுக்கை. எங்களைப் போய் யார் குறிவைப்பார்கள்?

குறிவைத்து வருபவர்கள் குறைவு. எந்தக் கதவு பூட்டாமல் கிடக்கிறது என்று எந்திரத்தை வைத்துத் தேடுபவர்கள்தான் அதிகம், அவர்களுக்குப் பத்துப் படுக்கையும் ஒன்றுதான், ஆயிரம் படுக்கையும் ஒன்றுதான். 2025 தொடக்கத்தில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் டெலிகிராமில் விலைக்கு வந்தன. பரிசோதனை அறையில் இருந்த பெண்களின் காட்சிகள் அவை. கேமராவோடு வந்த ‘அட்மின்123’ என்ற கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள் என்று பிறகு செய்தி வந்தது. உங்கள் கேமராவுக்கு என்ன கடவுச்சொல் என்று இப்போது கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா?

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். ஒரு ஓபி பதிவில் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, முகவரி, செல்போன் எண், பல இடங்களில் ஆதார், காப்பீட்டு எண், அதற்கும் மேலே நோயின் பெயர். ஒரு ஆளின் முழு விவரமும் ஒரே இடத்தில் இப்படிக் கிடைப்பது அரிது. கிரெடிட் கார்டு எண் தொலைந்தால் ஒரு போனில் மாற்றிவிடலாம். பிறந்த தேதியை மாற்ற முடியுமா, எச்ஐவி ரிப்போர்ட்டைத்தான் திரும்ப வாங்க முடியுமா?

கே: ஆதார் ஜெராக்ஸ் வாங்கி வைக்கலாமா?

சாதாரண ஓபி நோயாளியிடம் வாங்காதீர்கள். காய்ச்சலுக்கு வந்தவரிடம் ஆதார் நகல் எதற்கு? பல இடங்களில் கேட்டுப் பார்த்திருக்கிறேன், ‘எல்லோரும் வாங்குகிறார்கள், நாங்களும் வாங்குகிறோம்’ என்பதைத் தாண்டி யாரும் காரணம் சொன்னதில்லை.

ஜெராக்ஸ் எதையும் நிரூபிக்காது. யாருடைய கார்டின் நகலையும் யார் வேண்டுமானாலும் நீட்டலாம், புகைப்படத்தை ஒட்டி இன்னொரு நகல் எடுத்தால் கண்டுபிடிக்கவும் முடியாது. உண்மையிலேயே ஆள் அவர்தானா என்று பார்க்க வேண்டுமானால் கார்டில் இருக்கும் க்யூஆர் குறியீட்டை ஆதார் ஆணையத்தின் செயலியால் ஸ்கேன் செய்யுங்கள். அதில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, கார்டைத் திருத்தியிருந்தால் குறியீட்டில் வரும் விவரத்தோடு ஒத்துப்போகாது. திரையில் வரும் முகத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் ஒப்பிடுங்கள், ‘சரிபார்த்தேன்’ என்று பதிவில் ஒரு டிக், அவ்வளவுதான். காகிதம் தேவையில்லை.

காப்பீட்டுக் கிளைமுக்கு நகல் கட்டாயம் என்று கேட்கும் இடத்தில், முதல் எட்டு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கு மட்டும் தெரிகிற ஆதார் போதுமா என்று முதலில் கேளுங்கள். ஆதார் இணையதளத்திலிருந்தே அதை இறக்கிக்கொள்ளலாம். முழு நகல்தான் வேண்டும் என்றால், ‘இந்தத் தேதியில் இந்தக் கிளைமுக்காக மட்டும்’ என்று நகலின் குறுக்கே, எழுத்துகள் மேல் படும்படி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டி எடுத்துவிடுவார்கள்.

தனியார் நிறுவனங்கள் ஆதாரை இஷ்டத்துக்குப் பயன்படுத்த வழி விட்ட, ஆதார் சட்டத்தின் 57-வது பிரிவின் அந்தப் பகுதியை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகும் ரிசப்ஷனில் ‘ஆதார் இல்லையா, அப்ப டோக்கன் கிடையாது’ என்று ஒரு பாட்டியைத் திருப்பி அனுப்புவதைப் பார்க்கும்போது மனசு கொதிக்கிறது.

கே: ஒரே பெயர், ஒரே இனிஷியல். எப்படிப் பிரித்தறிவது?

இது நம்ம ஊருக்கே உரிய தலைவலி. எங்கள் பதிவேட்டில் ‘எம். லட்சுமி’ மட்டும் நூற்றுக்கு மேல் இருந்தார்கள். அதிலும் ஒரே லட்சுமி கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல், ஆதாரில் லட்சுமி முருகன், ரேஷன் கார்டில் முத்துலட்சுமி, ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் ஒரு எழுத்து கூட, இன்னொரு இடத்தில் குறைய என்று ஐந்து ஆளாக இருப்பார். இந்தக் குழப்பம் இருக்கும் வரை அடுத்தவர் பெயரில் நுழைவது எளிது, ஏனென்றால் பெயர் பொருந்தாவிட்டாலும் ‘ஸ்பெல்லிங் தப்பா இருக்கும்’ என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

நான் சொல்வது இதுதான். பெயரை மட்டும் வைத்து எந்தப் பைலையும் திறக்கக் கூடாது. மருத்துவமனை கொடுக்கும் யூஎச்ஐடி எண்ணோடு இன்னொரு விவரமும் பொருந்த வேண்டும். இரண்டு அடையாளங்கள் என்பது என்ஏபிஎச் தரச்சான்றுக்குப் போகும் மருத்துவமனைகளுக்குப் பழகிய விதிதான், சான்றுக்குப் போகாத கிளினிக்கும் பின்பற்றலாம்.

பிறந்த தேதியை இரண்டாவது அடையாளமாக வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வயதானவர்கள் பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்றுதான் இருக்கும். அதனால் அம்மா பெயர், சொந்த ஊர், அல்லது முன்பு எப்போது எதற்கு வந்தீர்கள் என்ற கேள்வி உதவும். கேட்கும் விதமும் முக்கியம். ‘நீங்க எம். லட்சுமிதானே, மேலூர்தானே?’ என்று கேட்டால் யாராக இருந்தாலும் ஆமாம் என்பார்கள், காது கேட்காத பாட்டியும் தலையாட்டுவார். ‘உங்க பேரு என்னம்மா, எந்த ஊரு?’ என்று கேட்டு, அவர் வாயால் சொன்னதைத் திரையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். என் அனுபவத்தில் ஒரு ரூபாய் செலவில்லாமல் அதிகப் பலன் தந்த மாற்றம் இதுதான்.

அப்புறம், முதல் வருகையில் ஒரு புகைப்படம் எடுத்துப் பதிவோடு சேர்த்து வையுங்கள், கேட்டுக்கொண்டுதான். மறுமுறை வரும்போது முகம் திரையில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

கே: செல்போன் எண் தெரியாவிட்டால் ஏதாவது போட்டுவிடலாம்தானே?

தயவுசெய்து வேண்டாம். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தணிக்கை செய்த, அரசுக் கணக்குகளைச் சரிபார்க்கும் சிஏஜி அமைப்பின் அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணில் 7,49,820 பயனாளிகள் பதிவாகியிருந்தார்கள். எண்ணை வைத்துப் பயனாளியைச் சரிபார்ப்பதில்லை என்று அரசு விளக்கம் கொடுத்தது, சரி. ஆனால் அந்த ஏழரை லட்சம் பேரின் பெயரில் யாராவது சிகிச்சை எடுத்தால் அவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி கூடப் போகாது. திட்டப் பதிவில் ஏற்கனவே இறந்ததாக இருந்த 3,446 பேரின் சிகிச்சைக்காக 6.97 கோடி ரூபாய் கொடுக்கப்பட்டதையும் அதே அறிக்கை சொல்கிறது. எண் இல்லை என்றால் காலியாக விடுங்கள், இல்லையென்றால் மகன், மகள் எண்ணை ‘உறவினர் எண்’ என்று தெளிவாகக் குறித்து வாங்குங்கள். ரிசப்ஷன் பெண்ணின் சொந்த எண்ணைப் போடுவதும் நடக்கிறது. அந்தப் பெண்ணுக்கே அது ஆபத்து.

கே: அடுத்தவர் காப்பீட்டு அட்டையோடு வருகிறவரை என்ன செய்வது? போலீஸைக் கூப்பிட வேண்டுமா?

முதலில் சிகிச்சை. ரத்தம் கொட்ட வந்தவரிடம் அட்டையைப் பற்றிப் பேசக் கூடாது. உண்மையான பெயர் தெரியாவிட்டால் ‘அடையாளம் தெரியாதவர்’ என்று தற்காலிக எண் போட்டுத் தொடங்குங்கள், தெரிந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பெரும்பாலும் இப்படி வருபவர்கள் திருடர்கள் இல்லை, பணம் இல்லாதவர்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அவர்களைத் தனியாக உட்கார வைத்து, ‘உங்க ரத்த வகையும் உங்க நோயும் அக்கா பைலுக்குப் போயிடும்மா, நாளைக்கு அவங்களுக்கு வேற மருந்து குடுத்துடுவாங்க, அவங்க கிளைமும் நின்னுடும்’ என்று விளக்கினால் புரிந்துகொள்வார்கள். கூடவே வழியும் காட்டுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது, தகுதி உள்ள பலர் இன்னும் அட்டை எடுக்கவில்லை. ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வைத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போகச் சொன்னால், பொய் சொல்லத் தேவையே இருக்காது.

இதையே தொழிலாகச் செய்யும் தரகர்கள், அவர்களோடு கூட்டு வைத்த ஊழியர் என்றால் கதை வேறு. அங்கே தயங்காமல் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் புகாரும் கொடுக்க வேண்டும். ஆள்மாறாட்ட மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 319-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

கே: ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். தப்பா?

நோயாளிக்கு வசதி, நிறுத்தச் சொன்னால் யாரும் நிறுத்தப் போவதில்லை என்பதும் தெரியும். அதனால் எப்படி அனுப்புவது என்று மட்டும் சொல்கிறேன்.

லேபுக்கென்று தனி போன், தனி எண். ஊழியரின் சொந்த போனிலிருந்து அனுப்பினால் அந்த ரிப்போர்ட் அவர் கேலரியில் உட்கார்ந்து, அங்கிருந்து தானாகவே அவருடைய கிளவுட் கணக்குக்குப் போய், அவர் வேலையை விட்ட பிறகும் அங்கேயே இருக்கும். பிடிஎப்-க்குக் கடவுச்சொல் போடுவது நல்லது, ஆனால் செல்போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் என்றால் அது கடவுச்சொல்லே இல்லை, அனுப்பிய எண்ணே மேலே தெரிகிறதே. பில்லில் அச்சாகும் ஒரு தனி எண்ணை வையுங்கள். எச்ஐவி, கர்ப்பம், மனநலம் சம்பந்தப்பட்டவற்றை நேரில்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து, வீட்டில் ஒரே போனை நான்கு பேர் பார்ப்பார்கள்.

வார்டு வாட்ஸ்அப் குழுதான் இதைவிட மோசம். ‘பெட் 7, இவர் பெயர், ஆதார் படம், இன்சூரன்ஸ் படம்’ என்று முப்பது பேர் இருக்கும் குழுவில் கொட்டுகிறார்கள், அதில் பத்துப் பேர் எப்போதோ வேலையை விட்டவர்கள். குழுவில் யூஎச்ஐடி எண்ணும் படுக்கை எண்ணும் மட்டும் போடுவது என்று இன்றைக்கே பழக்குங்கள்.

கே: கம்ப்யூட்டர் பக்கம் என்னென்ன பார்க்க வேண்டும்? எங்களிடம் ஐடி ஆள் இல்லை.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை சைபர் தாக்குதலில் முடங்கியது. ஐந்து சர்வர்கள், ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல் யாரும் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டது, சுமார் இரண்டு வாரம் ஓபி சீட்டிலிருந்து லேப் ரிப்போர்ட் வரை கையால் எழுதினார்கள். வலையமைப்பைச் சரியாகத் தனித்தனியாகப் பிரித்து வைக்காததுதான் காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. நம் அளவில் அதன் பொருள் இது: நோயாளிகளின் உறவினர்களுக்குக் கொடுக்கும் வைஃபையில் பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கக் கூடாது, ஸ்கேன் எந்திரம் இருக்கும் இணைப்பில் ரிசப்ஷன் ஆள் சினிமா டவுன்லோட் செய்யக் கூடாது. ஒரு நல்ல ரவுட்டரை வைத்து உள்ளூர் நெட்வொர்க் ஆள் அரை நாளில் பிரித்துக் கொடுத்துவிடுவார்.

அடுத்தது, ஆளுக்கு ஒரு லாகின். நான் போகும் பத்து இடத்தில் ஏழு எட்டு இடத்தில் எல்லோரும் ஒரே ‘ரிசப்ஷன்’ லாகின்தான், கடவுச்சொல் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும். நாளைக்கு ஒரு விவரம் வெளியே போனால் யார் பார்த்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆறு பேரும் சந்தேகத்தில் நிற்பார்கள், தப்பே செய்யாத ஐந்து பேருக்கும் அது அநியாயம்.

சாப்ட்வேர் விற்றவர் வெளியூரிலிருந்து சரிசெய்ய எனிடெஸ்க் என்ற, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் செயலியைப் போட்டுவிட்டு, யாரும் அனுமதிக்காமலே எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரும்படி வைத்துவிட்டுப் போவார். தேவைப்படும்போது மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து உள்ளே வரும் எந்த வழிக்கும் கடவுச்சொல்லோடு ஓடிபி மாதிரி இரண்டாவது பூட்டும் வேண்டும். அமெரிக்காவில் 2024 பிப்ரவரியில் சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற மருத்துவ பில்லிங் நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தது, அந்த இரண்டாவது பூட்டு இல்லாத ஒரே ஒரு வாசல் வழியாகத்தான். சுமார் 19 கோடிப் பேரின் விவரம் போனது.

நகல் எடுத்து வைக்கும் ஹார்டு டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே வைத்திருக்காதீர்கள், கம்ப்யூட்டர் பூட்டப்பட்டால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். எடுத்து அலமாரியில் வையுங்கள்.

கே: பழைய கேஸ் ஷீட்டுகளை எடைக்குப் போடலாமா?

நான் ஒருமுறை டீக்கடையில் வாங்கிய பஜ்ஜி ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் மடித்து வந்தது. பெயர், வயது, கணவர் பெயர், போன் எண், குழந்தையின்மைக்கான சிகிச்சை விவரம், எல்லாம் எண்ணெயில் ஊறிக் கையில் இருந்தது. அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

உள்நோயாளி பதிவுகளை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2002 மருத்துவ ஒழுங்குமுறை விதி. போலீஸ் கேஸ் சம்பந்தப்பட்டவை என்றால் வழக்கு முடியும் வரை. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்யும் மையங்கள் கர்ப்பிணியின் விவரங்களைப் பதியும் படிவம் எஃப் முதலானவற்றை இரண்டு ஆண்டு. காலம் முடிந்த பிறகு துண்டாக்கும் எந்திரத்தில் போட்டுத்தான் வெளியே விட வேண்டும். கிழித்துப் போட்டால் போதாது, நான்காகக் கிழித்ததை ஒட்டிப் படிக்க ஐந்து நிமிடம் ஆகாது. பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுத்த ஜெராக்ஸ் மெஷினிலும் நகல் எடுத்தவை உள்ளே சேமிப்பாகி இருக்கலாம், திருப்பிக் கொடுக்கும் முன் அழித்துத் தரச் சொல்லுங்கள்.

கே: டாக்டரின் அடையாளத்தையும் திருடுவார்களா?

நிறைய. லெட்டர்பேடைப் பிரிண்டரில் அடித்து மருத்துவச் சான்றிதழ் விற்பது, தூக்க மாத்திரைக்குப் போலிச் சீட்டு எழுதுவது, பதிவு எண்ணைப் போட்டு வேறொருவர் கிளினிக் நடத்துவது, இப்போது டாக்டரின் முகத்தையும் குரலையும் செயற்கையாக உருவாக்கி சர்க்கரைக்கு மருந்து விற்கும் வீடியோ.

பதிவு எண்ணை மறைத்து வைக்க முடியாது, சீட்டிலும் ரசீதிலும் போடச் சொல்லி விதியே இருக்கிறது. அதனால் எண்ணை மறைப்பதை விட்டுவிட்டுச் சீட்டைப் பாதுகாக்கப் பாருங்கள். லெட்டர்பேடுக்கு வரிசை எண் போட்டு அச்சடியுங்கள், கட்டுகளைப் பூட்டி வையுங்கள், முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட வெற்றுச் சீட்டைக் கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போகாதீர்கள். கொடுத்த சான்றிதழ்களுக்கு ஒரு நோட்டு வையுங்கள். ஏதாவது ஒரு கம்பெனி ‘இது நீங்கள் கொடுத்ததா’ என்று கேட்டால் அரை நிமிடத்தில் பதில் சொல்ல முடியும். ரப்பர் ஸ்டாம்ப் தொலைந்தால் அன்றே போலீஸில் எழுதிக் கொடுங்கள், பக்கத்து மெடிக்கல் ஷாப்களுக்கும் சொல்லுங்கள்.

மாதம் ஒருமுறை உங்கள் கிளினிக் பெயரைக் கூகுளில் தேடிப் பாருங்கள். மருத்துவமனை பெயருக்குக் கீழே மோசடிக்காரன் தன் எண்ணைச் சேர்த்துவிட்டு, அப்பாயின்ட்மென்ட் கேட்டு போன் செய்பவர்களிடம் பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் என்று ஒரு செயலியை இறக்கச் சொல்லிக் கணக்கைக் காலி செய்வது நடக்கிறது. ஏமாந்தவர் உங்களைத்தான் திட்டுவார்.

கே: ராணுவ அதிகாரி என்று போன் வந்தது, 20 பேருக்கு டெஸ்ட் எடுக்க வேண்டுமாம்.

வைத்துவிடுங்கள். ‘கேம்ப்பில் இருந்து பேசுகிறேன், முழுப் பணமும் முன்கூட்டியே அனுப்புகிறேன்’ என்பார், சீருடைப் படமும் கேன்டீன் கார்டும் அனுப்புவார், பிறகு ஒரு க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் போடச் சொல்வார். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை, அவர் அனுப்பும் படமும் கார்டும் இன்னொரு அப்பாவி ஜவானிடமிருந்து திருடியது. நாடு முழுக்க டாக்டர்களும் லேப்காரர்களும் இதில் பணம் இழந்திருக்கிறார்கள்.

கே: நாங்கள் சென்னையில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு பில்லிங், கோடிங் (நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடுவது) செய்கிறோம். எங்களுக்கு எந்தச் சட்டம்?

அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டு ஹிப்பா என்ற நோயாளித் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்கள் வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்துகிறது, அவரோடு நீங்கள் போடும் ஒப்பந்தம் வழியாக அதே கடமைகள் உங்களுக்கும் வருகின்றன. சோஷியல் செக்யூரிட்டி எண் என்பது அங்கே ஒரு ஆளின் கடன் வாழ்க்கை முழுவதுக்கும் சாவி. வேலை செய்யும் தளத்தில் போன், பேனா, காகிதம் கூடாது என்று வைக்கும் கெடுபிடி அதனால்தான், வீட்டிலிருந்து வேலை என்றானதும் அது தளர்ந்துவிட்டதைப் பார்க்கிறேன். வீட்டில் யார் வேண்டுமானாலும் திரையைப் பார்க்கிற கூடத்தில் உட்கார்ந்து கோடிங் செய்வதை மேலாளர்கள் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது.

கே: திருட்டு நடந்துவிட்டது. யாருக்குச் சொல்ல வேண்டும்?

மறைக்காதீர்கள், அது முதல் விஷயம். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். கம்ப்யூட்டருக்குள் நுழைந்திருந்தால் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்புக்கு, தெரிய வந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு இது. யார் எப்போது உள்ளே வந்தார் என்ற பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் அதே உத்தரவு சொல்கிறது, பதற்றத்தில் எல்லாவற்றையும் பார்மேட் செய்துவிட்டால் தடயமும் போய்விடும். இணைப்பைப் பிடுங்குங்கள், அழிக்காதீர்கள்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. அப்போது பாதிக்கப்பட்ட ஒவ்வொரு நோயாளிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், வாரியத்துக்கு முழு விவரம் 72 மணி நேரத்துக்குள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாததற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட முடியும். சின்ன கிளினிக்குக்கு அவ்வளவு வராது என்று நினைத்தாலும், இந்தத் தொகையைப் பார்த்தாவது இப்போதே தயாராகுங்கள்.

கே: ஒரு நோயாளி வந்து, ‘என் பெயரில் நான் படுக்காத அட்மிஷன் இருக்கிறது’ என்கிறார். என்ன செய்வது?

முதலில் நம்புங்கள். வழக்கமாக நடப்பது என்ன தெரியுமா? அவரையே கவுன்ட்டர் கவுன்ட்டராக அலைய விட்டு, ‘நீங்க மறந்திருப்பீங்க’ என்று சொல்லி, கடைசியில் ‘மேனேஜர் இல்லை, நாளைக்கு வாங்க’ என்பார்கள். அவருக்கு ஏற்கனவே இன்சூரன்ஸில் கிளைம் மறுத்திருப்பார்கள், இல்லாத சர்க்கரை நோயை மறைத்துவிட்டதாகக் குற்றம் சாட்டியிருப்பார்கள், அதனால்தான் வந்திருக்கிறார்.

அவருடைய பதிவுகளின் நகலைக் கேட்டு எழுதிக் கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அதே 2002 விதி சொல்கிறது. அதில் ஒரு எச்சரிக்கை: சந்தேகத்துக்குரிய அட்மிஷனில் படுத்தவர் இன்னொரு ஆள், அவருடைய நோய் விவரம் இவருக்குச் சொந்தமில்லை. அதனால் முதலில் தேதி, கையெழுத்து, ரத்த வகை, உயரம், தழும்பு என்று ஒப்பிட்டு எது யாருடையது என்று ஒரு டாக்டரை வைத்துப் பிரியுங்கள். தப்பான பக்கங்களை அழிக்கவோ கிழிக்கவோ கூடாது, அவை சாட்சி. அவற்றை எடுத்துத் தனி எண்ணில் வைத்து, இவர் பைலில் ‘இந்தத் தேதி அட்மிஷன் இவருடையது அல்ல’ என்று தேதியோடு குறித்துக் கையெழுத்துப் போடுங்கள். அதே விவரம் லேப், மருந்தகம், காப்பீட்டு நிறுவனம், ஆபா எண்ணோடு (அரசு தரும் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) இணைத்த பதிவு என்று எங்கெல்லாம் போயிருக்கிறதோ அங்கெல்லாம் திருத்தக் கடிதம் அனுப்புங்கள், அந்தக் கடிதத்தின் நகலை அவர் கையிலும் கொடுங்கள், அடுத்த மருத்துவமனையில் காட்ட அது வேண்டும்.

கையோடு அவருக்கு மூன்று வேலை சொல்லிக் கொடுங்கள்: ஆதாரில் கைரேகைப் பூட்டுப் போடுவது, தன் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்ப்பது, ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை எடுத்துத் தான் வாங்காத கடன் இருக்கிறதா என்று பார்ப்பது. போன் பழக்கமில்லாதவர் என்றால் உங்கள் ஊழியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுக்கட்டும், இருபது நிமிடம் ஆகும். ஓடிபி வரும்போது மட்டும் போனை அவர் கையிலேயே இருக்க விடுங்கள்.